வெடிமருந்தைத் தின்னும் நுண்ணுயிர்கள்

செஞ்சிக்குப் பக்கத்தில் தளவானூர்க் குன்றில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் குகைக் கோயில் முழுக்க உளி வேலை. இன்றைய குவாரிகளிலோ பாறையில் குழி போட்டு வெடி வைக்கிறார்கள். வெடிக்காமல் எஞ்சும் மருந்து மழையில் கரைந்து நிலத்தடி நீருக்குப் போகிறது.

குவாரி வெடிகளில் பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட் இருக்கும். ராணுவம் பயன்படுத்துபவை டிஎன்டி, ஆர்டிஎக்ஸ் போன்றவை. எல்லாவற்றிலும் இருப்பது நைட்ரஜன். உடலில் புரதம் கட்ட நுண்ணுயிர்களுக்கும் நைட்ரஜன் வேண்டும். வெடிமருந்தின் நைட்ரஜனை அவற்றுக்குத் தீனியாக்குவதுதான், மண்ணைச் சுத்தப்படுத்த அறிவியல் பிடித்துக்கொண்ட வழி.

ஆர்டிஎக்ஸ் மூலக்கூறு ஒரு வளையம். 3 கார்பன், 3 நைட்ரஜன் அணுக்கள் மாறி மாறி அமைந்து, ஒவ்வொரு நைட்ரஜனோடும் ஒரு நைட்ரோ தொகுதி ஒட்டியிருக்கும். மாசுபட்ட மண்ணிலிருந்து பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த ரோடோகாக்கஸ் பாக்டீரியா, தன் நொதியால் நைட்ரோ தொகுதியைக் கழற்றுகிறது. வளையம் நிலைகொள்ளாமல் உடைந்துவிடுகிறது. வெளிவரும் நைட்ரைட் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. இந்தியாவிலும் டிஆர்டிஓவின் டெல்லி ஆய்வு மையம், வெடிமருந்து படிந்த மண்ணில் ஜானிபாக்டர் என்ற பாக்டீரியாவைக் கண்டெடுத்து, அது ஆர்டிஎக்ஸைச் சிதைப்பதைக் காட்டியிருக்கிறது.

டிஎன்டி அவ்வளவு எளிதில் மசியாது. அதன் வளையம் உடையாமல், நைட்ரோ தொகுதிகள் மட்டும் அமினோ தொகுதிகளாக மாறும். இப்படி மாறியவை மட்கோடு இறுகப் பிணைந்துகொள்வதால் நீரில் கரைந்து பரவுவது குறைகிறது. அமெரிக்காவின் உமட்டில்லா ராணுவக் கிடங்கில் குண்டுகளைக் கழுவிய நீர் தேங்கிய மண்ணை 1990-களில் இந்த முறையில்தான் சுத்தம் செய்தார்கள். மாட்டுச் சாணம், கோழி எரு, மரத்தூள், உருளைக்கிழங்குக் கழிவு கலந்து குவியல் போட்டு, கிளறிக்கொண்டே இருந்தார்கள். நுண்ணுயிர்கள் பெருகிக் குவியல் சூடேற, மருந்து குறைந்தது.

குவாரி நைட்ரேட்டுக்கு வேறு நுண்ணுயிர்கள் உண்டு. காற்றுப் புகாத ஈரத்தில் மரச் சில்லுகளைத் தின்று வளரும் இவை, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். சுவீடனின் கிருனா இரும்புச் சுரங்கத்தில் மரச் சில்லுப் படுகை வழியே கழிவுநீரை விட்டு இதைச் சோதித்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். மண்ணில் கிடக்கும் வெடிக்காத குண்டை எந்த நுண்ணுயிரும் செயலிழக்கச் செய்யாது. படிந்த எச்சத்தைத்தான் தின்னும். ஈரம், வெப்பம், தீனி மூன்றும் அமைய வேண்டும். சாணமும் எருவும் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குவாரிக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.