தீர்ப்பில்லாத பிரிவு

விவாகரத்தெல்லாம் பட்டணத்துச் சமாச்சாரம் என்று ரெட்டிபாளையம் மாதிரியான கிராமங்களில் சொல்வதுண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படிச் சொல்லவில்லை. அப்போது இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து வாங்காமலே பிரிந்து வாழ்ந்தவர்களோ ஏறக்குறைய 35 லட்சம்! இந்தக் கணக்கை ஆராய்ந்து 2016இல் கட்டுரை எழுதிய சூரஜ் ஜேக்கப், ஸ்ரீபர்ணா சட்டோபாத்யாய் இருவரும், கிராமத்துக்கும் நகரத்துக்கும் இதில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டினார்கள். விவாகரத்தானவர்கள், பிரிந்து வாழ்ந்தவர்கள் என்ற இரண்டு கணக்கிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண்களுக்கு மறுமணம் சுலபமாக நடந்துவிடுகிறதே! ‘அம்மா வீட்டுக்குப் போயிருக்கு’ என்று ஊர் பூசி மெழுகும் பெண்கள் பலரும் அந்த 35 லட்சத்தில் இருக்கக்கூடும். விவாகரத்துத் தீர்ப்பு கையில் இல்லாவிட்டாலும், கணவன் கவனிக்காமல் விட்ட, வருமானமில்லாத மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 125ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு.