அரண்மனையை ஆட வைத்த நெசவாளி

ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மேளக்காரர் வருகிறார். அவர் வாசிக்க, ஊரே மகிழ்கிறது. அந்த மேளக்காரர் வீட்டிலேயே ஒரு துக்கம் நேர்ந்துவிட்டால்? அவர் மனம் ஆற யார் வாசிப்பார்கள்? இப்படி என்றைக்காவது நீங்கள் யோசித்ததுண்டா, வாசகர்களே?

200 ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ஒரு பிடில்காரர் இந்தக் கேள்விக்குத் தம் பிடிலாலேயே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயர் நீல் கோ.

பிடில் நமக்கு அந்நியமானதல்ல. நம் கச்சேரிகளில் பாடகருக்குப் பக்கத்தில் ஒலிக்கும் வயலின்தான் அது. ஐரோப்பியரிடமிருந்து அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் என்று முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரைச் சொல்வார்கள். நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து, பிடிலின் நுனியைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களோ அதைத் தோளில் சாத்தி வாசிப்பார்கள். கருவி ஒன்றுதான், பிடிக்கும் விதம்தான் வேறு.

தறிக்காரர் மகன்

நீல் கோ 1727ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி பெர்த்ஷியர் பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இன்வர் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. டே நதிக்கரையில், டன்கெல்ட் பட்டணத்துக்கு எதிரே உள்ள ஊர் அது. தகப்பனார் தறி போட்டுப் பிழைத்தவர். நம் கைலி போலக் கட்டம் போட்ட, ஆனால் கம்பளியால் ஆன துணி நெய்வது அவர் தொழில். மகனும் அதே தறியில்தான் உட்கார்ந்தார்.

ஆனால் பையனின் மனம் பிடிலில் இருந்தது. 9 வயதில் யாரும் சொல்லித்தராமல் தானாகவே வாசிக்கத் தொடங்கினார். 13 வயதில்தான் ஜான் கேமரன் என்பவரிடம் முறையாகப் பாடம் கேட்டார்.

18ஆம் வயதில் பிடில் போட்டி ஒன்று வந்தது. பேர் பெற்ற வித்துவான்கள் பலர் கலந்துகொண்டார்கள். நடுவராக இருந்தவர் பார்வையற்ற ஒரு பிடில் வித்துவான். யார் வாசிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது; காது சொல்வதுதான் தீர்ப்பு. அவர் நீல் கோவுக்கே முதல் பரிசைக் கொடுத்தார். நூறு பேர் சேர்ந்து வாசித்தாலும் இந்தப் பையனின் வில்லை என் காது கண்டுபிடித்துவிடும் என்றாராம்.

அப்படி என்ன இருந்தது அந்த வில்லில்? பிடில் வாசிப்பவரைக் கவனித்துப் பாருங்கள். வில்லைக் கீழே இழுக்கும்போது கையின் கனம் சேர்ந்து ஓசை ஓங்கி வரும். மேலே தள்ளும்போது ஓசை மெலிந்துவிடும். நீல் கோவுக்கோ மேலே தள்ளும் வீச்சிலும் அதே பலம் இருந்தது. ஆடுகிறவர்களின் கால்களை அந்த வீச்சே தூக்கிவிட்டது.

'ரீல்' என்பது ஸ்காட்லாந்தின் வேகமான ஆட்ட மெட்டு. 'ஸ்ட்ராத்ஸ்பே' அதைவிட நிதானமானது. ஸ்வரங்கள் வெட்டி வெட்டி விழும். இந்த இரண்டிலும் அவருக்கு நிகரில்லை என்று பெயர் வாங்கினார். தறியை விட்டுவிட்டு, பிடிலையே பிழைப்பாக்கிக் கொண்டார்.

பிரபுக்கள் நடுவே

அத்தோல் பிரபு அவரை ஆதரித்து ஆண்டுக்கு 5 பவுன் கொடுத்துவந்தார். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? மற்றச் சீமான்களின் மாளிகைகளுக்கும் போய் வாசித்தார். தம்பி டொனால்டு செல்லோ என்னும் பெரிய பிடிலை எடுத்துக்கொண்டு உடன் போவார். அண்ணன் மெட்டை வாசிக்க, தம்பி அடிநாதம் கொடுக்க, விடிய விடிய ஆட்டம் நடக்கும்.

கூலி வாங்கினாலும் அவர் யாரிடமும் கூனிக் குறுகி நின்றதில்லை. மனத்தில் பட்டதைப் பிரபுக்களிடமும் பட்டென்று சொல்லிவிடுவார். அந்த நேர்மைக்காகவே அவரை மதித்தார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1787இல் டன்கெல்டுக்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தார். ஓவியர் ரேபர்ன் அவர் உருவத்தைத் தீட்டினார். அந்தப் படத்தில் பட்டும் இல்லை, பகட்டும் இல்லை. கட்டம் போட்ட கால்சட்டையோடு, பிடிலைத் தோளில் சாத்தி அமர்ந்திருக்கிறார் அந்த நெசவாளி.

மெட்டுக்குள் ஊர்க்கதை

நீல் கோவின் பெயரில் 87 மெட்டுகள் வரை இருக்கின்றன. 1784இல் முதல் தொகுப்பு அச்சேறியது. சீமாட்டிகளின் பெயரைச் சில மெட்டுகளுக்குச் சூட்டினார். பெயர் பெற்ற குடும்பத்தார் புத்தகத்துக்கு முன்பணம் கட்டி ஆதரிப்பார்கள். கலைஞனும் அடுப்பெரிக்க வேண்டுமல்லவா?

எல்லா மெட்டுகளும் சீமான்களுக்காகக் கட்டியவை அல்ல. 1799இல் விளைச்சல் பொய்த்தது. பார்லி தானியம் வயிற்றுக்கே போதாத நிலை. விஸ்கி காய்ச்சக் கூடாது என்று தடை வந்தது. நீல் கோ விஸ்கிப் பிரியர். ஒருநாள் குடித்துவிட்டு நடந்து வந்தவரிடம், "தூரம் அதிகமோ?" என்று கேட்டார்களாம். "பாதையின் நீளம் எனக்குப் பெரிதில்லை, அகலம்தான் தொல்லை" என்றாராம்! அப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? விஸ்கிக்கு விடைகொடுத்து ஒரு மெட்டுக் கட்டினார். சிரிப்புக்குள்ளே ஒரு பஞ்ச காலமே பதிந்துவிட்டது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோ குடும்பத்தார் வெளியிட்ட மெட்டுகளில் சில பிறருடையவை. கார்டன் பிரபுவின் மாளிகையில் வேலை பார்த்த வில்லியம் மார்ஷல் பெரிய மெட்டாசிரியர். அவருடைய மெட்டுகள் சில, பெயர் மாறி, இயற்றியவர் பெயரும் இல்லாமல் அந்தத் தொகுப்புகளில் இடம்பெற்றன. நீல் கோவின் 87 மெட்டுகளில் கால் பங்காவது இரவல்தான் என்று ஜான் கிளென் என்ற ஆய்வாளர் 1895இல் எழுதினார். மெட்டு காற்றில் பரவுவது, வேலி போட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் உழைத்தவன் பெயரை மறைப்பது நியாயமாகாது. இது நமக்குத் தெரியாததா என்ன?

அவருக்காக வாசித்தவர் யார்?

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம்.

நீல் கோவின் முதல் மனைவி மார்கரெட் வைஸ்மன். ஐந்து ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள். அவர் இறந்தபின் மார்கரெட் அர்கார்ட் என்ற அம்மையாரை மணந்தார். அந்த அம்மையாருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருந்த வீட்டில் விளக்கேற்றி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணவரோடு வாழ்ந்தார். கணவர் இரவெல்லாம் மாளிகைகளில் வாசித்துவிட்டுத் திரும்பி வருவதும் இவர் இருந்த அந்த வீட்டுக்குத்தான்.

1805இல் அந்த அம்மையார் கண்மூடினார். நீல் கோவுக்கு அப்போது 78 வயது. வித்துவான்களாக வளர்ந்து நின்ற மகன்கள் வில்லியமையும் ஆண்ட்ரூவையும் அவர் முன்பே பறிகொடுத்திருந்தார். ஆயுள் முழுக்கப் பிறரை ஆட வைத்த அந்தக் கிழவர், தம் துக்கத்துக்குத் தாமே ஒரு மெட்டுக் கட்டினார். 'இரண்டாம் மனைவியின் மறைவுக்கு நீல் கோவின் புலம்பல்' என்பது அதன் பெயர்.

புலம்பல் என்றவுடன் ஒப்பாரியை நினைத்துவிடாதீர்கள். அந்த மெட்டில் ஓலம் இல்லை. மேல்நாட்டார் மகிழ்ச்சிக்கு எடுத்தாளும் ஸ்வர வரிசையிலேயே அமைந்திருக்கிறது. நடை மட்டும் மெல்ல மெல்ல. மேலே ஏறி, கீழே இறங்கி, துணி நெய்யும் ஓடம் போலத் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. போய்விட்டாளே என்ற அழுகையைவிட, இத்தனை காலம் கூட இருந்தாளே என்ற நன்றிதான் அதில் ஓங்கி நிற்கிறது.

இரண்டு ஆண்டுகளில், 1807 மார்ச் 1ஆம் தேதி அவரும் காலமானார். லிட்டில் டன்கெல்ட் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் மகன் நத்தானியேல் எடின்பரோ நகரில் பெயர் பெற்ற வித்துவானாகவும் இசைப் புத்தக வெளியீட்டாளராகவும் விளங்கினார். டே நதிக்கரையில் ஒரு முதிய ஓக் மரம் நிற்கிறது. அதனடியில் உட்கார்ந்துதான் நீல் கோ மெட்டுக் கட்டுவார் என்று ஊரார் சொல்வார்கள்.

அன்று அவர் வாசிப்புக்கு ஆடிய பிரபுக்கள் பலரின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? மெட்டின் தலைப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு நெசவாளி வீட்டில் விளக்கேற்றிய பெண்மணிக்காகக் கட்டிய மெட்டை, பிடில் எடுத்தவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் மட்டுமல்ல, கடல் கடந்த நாடுகளிலும் வாசிக்கிறார்கள்.

அவர் வீட்டுத் துக்கத்துக்கு யார் வாசித்தார்கள் என்று கேட்டோமே. அன்று அவரே வாசித்துக்கொண்டார். இன்றோ உலகமே அவருக்காக வாசிக்கிறது.