பீப்பாயிலேயே மூப்படையும் பசை

பாலாற்றில் வெள்ளம் புரண்டு வரும் ஆண்டுகளில், 2021 நவம்பரில் வந்ததுபோல, கலங்கல் நீர் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்த நீரில் உள்ள நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்து வருகின்றன. கடல் உப்பு இந்த விலக்கத்தைத் தணித்துவிடுகிறது; துகள்கள் திரண்டு அடியில் படிகின்றன. முற்றிலும் கரையாமலும், தானே படியாமலும் நிற்கும் இத்தகைய கலவையே கூழ்மம். ஆங்கிலேய மொழியில் இதற்கு வழங்கும் 'கொலாய்டு' என்ற சொல்லை 1861-இல் தாமஸ் கிரஹாம் அமைத்தார். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர்.

பசைக்கே இப்போது வருவோம். நம் வீட்டு பிளைவுட் பலகைகளின் ஏடுகளைப் பிணைப்பது பெரும்பாலும் யூரியா-பார்மால்டிஹைடு பிசின். ஆலையில் இதைக் காய்ச்சி முடித்ததும் கண்ணாடிபோல் தெளிவாகவே இருக்கக்கூடும். நாளாக ஆகப் பால்போல் வெளுக்கிறது, பிறகு தடிக்கிறது, கடைசியில் பீப்பாயோடு கெட்டியாகி நிற்கிறது. தண்ணீர் வற்றியதால் இப்படி ஆயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். இறுக மூடிய பீப்பாயிலும் இதுவே நடக்கும்.

உள்ளே இரண்டு காரியங்கள் ஒருங்கே நடக்கின்றன. பிசின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் அணைந்து சிறு துகள்களாகின்றன. அத்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெண்மை. பாலாற்றுக் களிமண்ணைப் போலவே இவையும் மெல்ல மெல்லத் திரளும். இந்தத் திரட்சி தளர்வானது. கிளறினால் பசை இளகும், இளஞ்சூட்டில் ஓரளவு தெளியவும் கூடும். மற்றொன்று வேதிவினை. மூலக்கூறுகள் நீரை வெளியேற்றிவிட்டு நிலையான பாலங்களால் இணைந்துகொண்டே போகின்றன. இது மீளாது. பழைய தச்சர்களின் வச்சிரம் உறைந்தால் சுடவைத்து உருக்கலாம். யூரியா பிசின் உறைந்துவிட்டால் அடுப்பில் வைத்துப் பயனில்லை.

இந்த வினையை அமிலம் விரைவுபடுத்தும். அதனால் காய்ச்சி முடித்ததும் சிறிது காரத்தன்மையுள்ளதாக மாற்றி வைக்கிறார்கள். பலகையை அழுத்தும் வேளையில் மட்டும் அம்மோனியம் குளோரைடு சேர்ப்பார்கள். அது பிசினில் எஞ்சிய பார்மால்டிஹைடுடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். வெப்பமும் அமிலத்துக்கு இளைத்ததன்று. குளிர்ந்த கிடங்கில் சில மாதம் தாங்கும் பிசின், செங்கற்பட்டுச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சில வாரங்களே தாங்கும்.

தடித்த பசையில் தண்ணீர் ஊற்றி இளக்கிவிடலாம் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் மூப்படைந்த பிசின் நீரை ஏற்காது. ஊற்றிய நீரில் வெண்திரளாகப் பிரியும். எவ்வளவு நீர் ஊற்றினால் பிரிகிறது என்பதைக் கொண்டே ஆலைகளில் பிசினின் வயதைக் கணிக்கிறார்கள். இத்தகைய முதிர்ந்த பசை மரத்தின் நுண்துளைகளில் இறங்காமல் மேலேயே நிற்கும். ஒட்டியது போலத் தோன்றும், முதல் மழைக்காலத்தில் ஏடு விரியும்.

இக்காலப் பிசின்கள் முன்னைவிட எளிதில் வெளுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அதன் அளவைக் குறைக்கக் குறைக்க அறைக் காற்றுக்கு நல்லது. ஆனால் துகள்களை விலக்கி வைக்கும் பொருளும் குறைகிறது என்று கருதப்படுகிறது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது!

ஒட்டி முடித்த பின்னும் மூப்பு நிற்பதில்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பாலங்களை நீர் மெல்ல அறுத்து, பார்மால்டிஹைடை மீண்டும் வெளிவிடுகிறது. மாமல்லபுரக் கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே கடல்நீர் படும் பலகைக்கு பீனால்-பார்மால்டிஹைடு பிசினே ஏற்றது. அதன் பாலங்களை நீர் எளிதில் அறுப்பதில்லை. ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற கப்பல் தரப் பிளைவுட் அவ்வகையே. (இன்று கரையில் மிகுதியாகக் காணும் பைபர் படகுகள் வேறு இனம், அவற்றில் இருப்பது பாலியெஸ்டர் பிசின்.) பலகையின் ஓரத்தை அறுத்துப் பாருங்கள். ஏடுகளுக்கிடையே கரும்பழுப்புக் கோடு இருந்தால் பெரும்பாலும் பீனால். கோடு நிறமற்று இருந்தால் யூரியா என்று கொள்ளலாம்.