சோடி சேராத சக்கரங்கள்

ஊவா மலைச்சரிவுகளில் சிறு விவசாயி நம்பியிருக்கும் இயந்திரம் இரு சக்கர உழவு இயந்திரமாகும். எமது மக்கள் இதனை 'லேண்ட்மாஸ்டர்' என்றே அழைக்கின்றனர். 1950களில் பிரித்தானிய நிறுவனம் ஒன்றின் மூலம் இவ்வியந்திரத்தை உலகுக்கு அறிமுகம் செய்வதில் முன்நின்றவர் எமது நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010). உழவு இயந்திரம் சிறு விவசாயிக்கு உண்மையில் உதவியதா என்று பிற்காலத்தில் கேள்வி எழுப்பியவரும் அவரே. அக்கேள்வியை ஹல்துமுல்லையின் சரிவுகளில் நின்று நாமும் கேட்க வேண்டியுள்ளது.

2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதிப் பொருட்களின் விலை பெரிதும் ஏறியது. ஒரு டயர் தேய்ந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதும், பழைய சாமான் கடையில் கிடைத்த ரிம்மைப் பொருத்துவதும் கையில் காசில்லாதவரின் வழி. அதனைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆனால் அதில் மறைந்திருக்கும் ஆபத்தை அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு சென்ரிமீற்றரின் கணக்கு

ஒரு சக்கரத்தின் ஆரை மற்றதைவிட ஒரு சென்ரிமீற்றர் கூடினால், ஒவ்வொரு சுற்றிலும் அது 6 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நூறு சுற்றில் வித்தியாசம் 6 மீற்றரைத் தாண்டிவிடும். காரிலும் லொறியிலும் இந்த வித்தியாசத்தைத் தாங்கும் பற்சக்கரத் தொகுதி அச்சின் நடுவில் உண்டு. இரு சக்கர உழவு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதால், இயந்திரம் எப்போதும் சிறிய சக்கரத்தின் பக்கம் இழுக்கும்.

வலது டயர் புதியது, இடது டயர் தேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் இடப்பக்கம் இழுக்கும். அதனைத் திருத்த ஓட்டுபவர் வலது கைப்பிடியிலுள்ள கிளச்சை அழுத்துவார். சமதரையில் இது சரியானதே. வலது சக்கரம் விடுபட, இடது சக்கரம் தள்ளி, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும்.

பாரம் ஏற்றிய பெட்டியுடன் பள்ளத்தில் இறங்கும்போதோ நிலைமை தலைகீழாகிறது. அங்கே சக்கரங்களைப் பிடித்து வைத்திருப்பது எஞ்சின்தான். வலது கிளச்சை அழுத்தினால் வலது சக்கரம் பிடி விடுபட்டு வேகமாக உருளும். இயந்திரம் இன்னும் இடப்பக்கமே பாயும். நாள் முழுதும் வலது கிளச்சை அழுத்திப் பழகிய கை, இறக்கத்திலும் யோசிக்காமல் அதையே செய்யும். அந்தப் பக்கம் பள்ளமாக இருந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

நான்கு சக்கரச் சிறு உழவு இயந்திரம்

நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறு உழவு இயந்திரங்களில், முன் டயரும் பின் டயரும் குறித்த ஒரு விகிதத்துக்கு அமையவே கியர்கள் செய்யப்பட்டுள்ளன. முன்னுக்கு வேறு அளவு டயரைப் போட்டால் கியர்ப் பெட்டி இறுகிச் சத்தமிடும். உடனே முன் இயக்கத்தை நிறுத்திவிட்டு ஓட்டுவர். இவற்றில் பல, பின் சக்கரத்தில் மாத்திரமே பிரேக் உள்ளவை. முன் இயக்கம் இணைந்திருந்தால்தான் இறக்கத்தில் முன் சக்கரங்களும் பிடிக்கும். ஆகவே பொருந்தாத டயர் இறக்கத்தில் பிரேக்கின் பலத்தையும் குறைத்துவிடுகிறது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. டயரிலுள்ள எண்ணை வாசியுங்கள். 6.00-12 என்றால் அகலம் 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 12 அங்குலம். 12 அங்குல டயருக்கு 12 அங்குல ரிம் மட்டுமே பொருந்தும்.

2. எண் ஒன்றாயிருந்தாலும் உயரம் ஒன்றாயிருக்கும் என்பதில்லை. இரண்டுக்கும் ஒரே அளவு காற்றடித்து, சமமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, தரையிலிருந்து அச்சின் நடு வரை இருபுறமும் அளந்து பாருங்கள்.

3. ரிம்மின் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் நடுத்துளையும் சரியாக அமைய வேண்டும். துளையை அராவிப் பெரிதாக்கிப் பொருத்தினால் நட்டுகள் தளரும்.

4. டயரின் புடைத்த வரிகளின் கூர்முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும். பக்கத்திலுள்ள அம்புக்குறி அதனைக் காட்டும்.

5. சேற்றுக்குப் போடும் இரும்புச் சக்கரங்களும் சோடியாகவே இருக்கட்டும்.

ஊர் சேர்ந்தால் செலவு குறையும்

இரண்டு டயரை ஒரே தடவையில் வாங்குவது தனியொருவருக்குப் பெரும் சுமை என்பதை நாம் அறிவோம். ஆனால் ஓர் ஊரில் ஐந்தாறு இயந்திரங்கள் இருந்தால், ஒவ்வொரு வீட்டிலும் பாதி தேய்ந்த ஒற்றை டயர் ஒன்று கிடக்கக்கூடும். விவசாயிகள் சங்கம் அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, அளந்து, ஒத்த அளவுள்ளவற்றைச் சோடியாக்கலாம். இதற்கு வேண்டியது ஓர் அளவு நாடாவும் ஒரு மாலைப்பொழுதும் மட்டுமே. மிஞ்சுவோர் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து, முறை வைத்துப் புதுச் சோடி வாங்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள ஒற்றை டயரையும் எடுத்து வாருங்கள்.