பொறுத்தார் பர்ன்லி ஆள்வார்

2017 செப்டம்பர் 10. பர்ன்லியின் டர்ஃப் மூர் மைதானம். எதிரணி வீரர் பின்னால் தட்டிவிட்ட தப்பான பாஸைப் பிடித்து, மூன்றாவது நிமிடமே கோல் போட்டுவிட்டது உள்ளூர் அணி. முதல் பாதி முடிவதற்குள் அதன் கேப்டனான கோல்கீப்பர் தோள்மூட்டு விலகி வெளியேறினார். அதுவரை பிரீமியர் லீகில் ஆடியே இராத மாற்று கோல்கீப்பர் இறங்கினார். பதினாறு வயதில் ஒரு கிளப் வேண்டாமென்று அனுப்பிவிட, கல்லூரியில் படித்துக்கொண்டே வீடுவீடாகப் பால் போட்டவர் அவர். பந்தை வலைக்குள் விடவில்லை, 1-0. மறுநாளே எதிரணி தன் மேலாளரை வீட்டுக்கு அனுப்பியது. அவருக்குக் கிடைத்தது நான்கே லீக் ஆட்டங்கள்.

பர்ன்லியின் மேலாளரோ 2012 அக்டோபரில் வந்தவர். 2014-ல் அணியை பிரீமியர் லீகுக்கு ஏற்றினார். மறுவருஷமே அது இறங்கியது. வழக்கமாக அங்கேயே சீட்டு கிழிந்திருக்கும். பர்ன்லி கிழிக்கவில்லை. 2016-ல் 93 புள்ளிகளோடு பட்டம் வென்று மேலே திரும்பியது. அந்தப் பொறுமைக்கான வட்டிதான் 2017-18.

லட்சம் பேர்கூட இல்லாத பழைய பருத்தி ஆலை ஊர். முதல் ஆட்டத்திலேயே லண்டன் போய் நடப்புச் சாம்பியனை 3-2 என்று சாய்த்தது. 54 புள்ளி, ஏழாவது இடம், 51 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிக்கு அனுமதி. இத்தனைக்கும் 38 ஆட்டங்களில் போட்டது 36 கோல்தான்!

ரகசியம் தற்காப்பில். நான்கு நான்கு பேராக இரண்டு வரிசை, கோலுக்கு முன்னால் நெருக்கமாக நிற்கும். ஓரங்களை எதிரிக்கு விட்டுவிடும். தூரத்திலிருந்து அடித்தால் யாராவது உடம்பைக் குறுக்கே போடுவார். முக்கிய ஸ்டாப்பரை அந்தக் கோடையில் விற்றபோதும் வரிசை குலையவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அதே ஆட்டத்தைப் பழகியவர் அந்த இடத்துக்கு வந்தார். இதையெல்லாம் நான்கு ஆட்டத்தில் யாரால் கற்றுக்கொடுக்க முடியும்?

பார்க்க அழகில்லை என்பார்கள். மேலாளரை மாற்றிப் பிழைத்த அணிகளும் உண்டுதான். ஆனால் அந்த சீசனில் கீழே இறங்கிய மூன்று அணிகளுமே நடுவில் மேலாளரை மாற்றியவை. எனக்குக் கவலை அதுதான்: தோல்வி வந்ததும் ஆளை மாற்றுவதே நிர்வாகம் என்று ஆகிவிட்டது.

அடுத்த சீசன் பர்ன்லிக்கும் சோதனை வந்தது. ஐரோப்பியக் கனவு ஆகஸ்டிலேயே தகுதிச்சுற்றில் முடிந்தது. பாதி லீகில், 19 ஆட்டங்களில், வெறும் 12 புள்ளி. கடைசி மூன்றில் ஒன்று. மேலாளரை யாரும் தொடவில்லை. மீதி 19 ஆட்டங்களில் 28 புள்ளி எடுத்து, பதினைந்தாவது இடத்தில் அணியைக் கரைசேர்த்தார்.