தொண்டை உறுத்தலும் எச்.பி.வி. அச்சமும்

"ஒரு மாதமாகத் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல் இருக்கிறது, டாக்டர்." மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்து வரும் இளைஞர் சிலர் எம்மிடம் இவ்வாறுதான் தொடங்குகின்றனர். உடன் வந்தவர் வெளியே சென்ற பின்னரே உண்மையான அச்சம் வெளிப்படுகிறது: "ஒருமுறை வாய்வழி உறவு கொண்டேன். புற்றுநோய் வந்துவிடுமா?"

எச்.பி.வி. என்ன செய்கிறது?

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கமே எச்.பி.வி. இதன் 200-க்கும் மேற்பட்ட வகைகளுள் சிலவே புற்றுநோயுடன் தொடர்புடையவை. தொண்டையைப் பொறுத்தவரை 16-ஆம் வகையே முதன்மையானது. வாய்வழி உறவால் இது தொற்றக்கூடும். ஆயினும், பெரும்பாலோரிடம் நோய் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளில் இதனை அகற்றிவிடுகிறது. நீங்காமல் தங்கிவிடும் சிலரிடத்தும் புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, சென்ற மாத உறவினால் இம்மாதம் தொண்டைப் புற்றுநோய் தோன்ற இயலாது.

உறுத்தல் எதனால்?

இரைப்பை அமிலம் மேலேறுதல், சளி, தூசி ஆகியவை பொதுவான காரணங்கள். அச்சமே தொண்டையை இறுக்குவதும் உண்டு. கண்ணாடியில் பார்த்து, நாக்கின் பின்பகுதியில் வரிசையாகத் தெரியும் புடைப்புகளைக் கட்டி என்று சிலர் அஞ்சுகின்றனர். அவை அனைவருக்கும் இயல்பாக உள்ளவை.

எந்தப் பரிசோதனை தேவை?

அறிகுறியற்றவர்களின் தொண்டையில் எச்.பி.வி.யைத் தேடும் பரிசோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா ஆகியவற்றுக்கே பரிசோதனை தேவைப்படலாம். அரசு இராசாசி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு இருந்ததென ஐயமிருப்பின் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அணுகினால் தடுப்பு மருந்து தர இயலும். ஆலோசனைக்கு 1097 என்ற எண்ணை அழைக்கலாம்.

மறவாதிருக்க வேண்டியவை

நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குப் புகையிலை, பாக்கு, மது ஆகியவையே பெருங்காரணங்கள். எச்.பி.வி.க்கு அஞ்சி வருவோர் சிலரின் சட்டைப்பையிலேயே பீடிக்கட்டு இருப்பதைக் காண்கிறோம். அவர்கள் முதலில் கைவிட வேண்டியது அதனையே.

கழுத்தில் கட்டி, குரல் கம்மல், விழுங்குவதில் சிரமம், ஒருபக்கத் தொண்டை வலி அல்லது காதுவலி, ஆறாத புண் ஆகியவற்றுள் ஏதேனும் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், வயது எதுவாயினும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுக. உமிழ்நீரில் இரத்தம் கண்டால் காத்திராது உடனே வருக.

எச்.பி.வி. தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளதை நீக்காது. எனவே 9 முதல் 14 வயதிற்குள் செலுத்துவதே மிகுந்த பயன் தரும். 30 வயது கடந்த பெண்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படும் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

உடன் வருவோருக்கு ஒரு வேண்டுகோள்: மருத்துவர் தனியே பேச விரும்பினால் சற்று நேரம் வெளியே காத்திருங்கள். நோயாளிகளுக்கு: எம்மிடம் நாணம் வேண்டா. நடந்ததை உள்ளவாறு கூறினால், தேவையற்ற பரிசோதனைகளும் உறக்கமற்ற இரவுகளும் குறையும்.