வரைபடத்தின் விளிம்பும் நெய்தலின் கரையும்: நகராக்கக் கணினி விளையாட்டுகளில் வளர்ச்சி – மாசு சமநிலையும் தூத்துக்குடிப் பட்டறிவும்

ஆய்வுச் சுருக்கம்

நகரங்களைக் கட்டியெழுப்பும் கணினி விளையாட்டுகள், பொருளாதார வளர்ச்சியையும் மாசையும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாகக் காட்டுகின்றன. அக்கணக்கில் எவை பதிவாகின்றன, எவை விடுபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விளையாட்டின் விதிகள் நீர்ப்பரப்பையும் வரைபட விளிம்பையும் பெரும்பாலும் யாருக்கும் உரிமையற்ற வெளியாகக் கருதுகின்றன. முத்துக்குளிப்பு, மீன்பிடி, துறைமுகம், கனரகத் தொழில் ஆகியன ஒரே கரையில் நெருங்கி அமைந்த தூத்துக்குடியின் வரலாற்றோடு அவ்விதிகளை ஒப்பிட்டு, அவற்றின் எல்லைகளும் கல்விப் பயன்பாடும் இங்கு ஆராயப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: நகராக்க விளையாட்டு, மாசு, புறவிளைவு, முத்துப்பார், நெய்தல், தூத்துக்குடி.

முன்னுரை

கணினி விளையாட்டுகள் குறித்த தமிழ் ஆய்வுகளில் அவற்றின் கதை, பாத்திரம், வன்முறை, இளைஞர் மீதான தாக்கம் ஆகியனவே மிகுதியும் பேசப்பட்டுள்ளன. கதையோ நாயகனோ இல்லாத நகராக்க விளையாட்டுகள் போதிய கவனம் பெறவில்லை. இவ்வகையில் ஆடுபவர் நகரத் தலைவராகிறார், சாலை, மின்நிலையம், குடியிருப்பு, வணிகம், தொழிற்பகுதி ஆகியவற்றை வரையறுக்கிறார், வரி விதிக்கிறார். நகரம் வளர்கிறது அல்லது தேய்கிறது. இங்குக் கருத்தைச் சுமப்பது கதையன்று, விதி. விளையாட்டுகள் தம் விதிகளின் வழியாகவே ஒரு வாதத்தை முன்வைக்கின்றன என்று இயான் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். அந்நோக்கில், ‘வளர்ச்சிக்கு எவ்வளவு மாசு ஏற்கத்தக்கது?’ என்ற வினாவுக்கு இவ்விளையாட்டுகள் தரும் விடையையும் ஒரு வாதமாகவே படிக்க வேண்டும்.

விளையாட்டின் கணக்கு

இவ்வகையின் முன்னோடி, வில் ரைட் வடிவமைத்து 1989இல் மேக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட சிம்சிட்டி. ஜே பாரஸ்டர் 1969இல் வெளியிட்ட நகர இயக்கவியல் நூலின் மாதிரி அதற்குத் தூண்டுதலாக அமைந்தது. இதன் நிரல் 2008இல் மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டதால், விதிகளை நேரடியாகப் படித்தறிய இயலும்.

அவ்விதிகள் எளியவை. நிலம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. தொழிற்கட்டம், நெரிசல் மிக்க சாலை, நிலக்கரி மின்நிலையம் ஆகியன மாசை உமிழ்கின்றன. அம்மாசு அண்டைக் கட்டங்களுக்குப் பரவி, தொலைவு செல்லச் செல்லத் தணிகிறது. மாசு ஏறினால் நில மதிப்பு குறைகிறது. அதனால் மக்கள் நீங்குகின்றனர், வரி வருவாயும் சரிகிறது. நிலக்கரி மின்நிலையத்தின் விலை அணுமின் நிலையத்தைவிடக் குறைவு. ஆனால் அது மாசு தருவது. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, தொழிற்பகுதியைக் குடியிருப்பிலிருந்து விலக்கி, இடையே பூங்கா அமைப்பதே சமநிலைக்கான வழியாகிறது.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று. மாசு இக்கணக்கில் நுழைவது நில மதிப்பின் வழியாகவே. வரி ஈட்டும் கட்டத்தின்மீது படியும் மாசு இழப்பாகிறது. வரி ஈட்டாத கட்டத்தின்மீது படியும் மாசினால் கருவூலத்திற்கு இழப்பில்லை. நீர்க்கட்டம் அருகிலுள்ள நிலத்தின் மதிப்பை உயர்த்தும். தனக்கென விளைச்சலோ உரிமையாளரோ அதற்கு இல்லை.

விளிம்பு உத்தி

இவ்விதியிலிருந்து, ஆடுவோரிடையே நெடுங்காலமாக வழங்கும் ஓர் உத்தி பிறந்தது: மாசு தரும் ஆலைகளை வரைபடத்தின் விளிம்பில் நிறுவுதல். மாசின் ஒரு பகுதி வரைபடத்திற்கு வெளியே விழும். வெளியே விழுந்தது கணக்கில் வாராது. பொருளியலார் புறவிளைவு என்று கூறுவதன் தூய வடிவம் இது. ஆர்தர் பிகூ 1920இல் விளக்கியவாறு, உற்பத்தியாளர் ஏற்காத செலவைப் பிறர் சுமப்பதே புறவிளைவு. விளையாட்டிலோ அந்தப் ‘பிறர்’ படைக்கப்படவே இல்லை. பாரஸ்டரின் மாதிரியும் நகரத்தை எல்லையற்ற ஒரு புறச்சூழலின் நடுவே வைத்தே சிந்தித்தது என்பதால், இவ்விடுபடல் வேரிலேயே உள்ளது எனலாம்.

பின்வந்த விளையாட்டுகள் இதனை ஓரளவு சரிசெய்துள்ளன. 2013ஆம் ஆண்டின் சிம்சிட்டியில் காற்று மாசு அண்டை நகரத்துக்கும் செல்கிறது. 2015இல் வெளிவந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் கழிவுநீர் வெளியேறும் வாய்க்குக் கீழே குடிநீர் எடுத்தால் மக்கள் நோயுறுகின்றனர். 2020இல் அவ்விளையாட்டில் மீன்பிடித் தொழிலும் சேர்க்கப்பட்டது. எனினும் அங்கு மீன்பிடி என்பது ஆடுபவர் கட்டும் ஒரு கட்டடம். அதனை இடித்து வேறிடத்தில் நிறுவலாம். அக்கரையில் அவருக்கு முன்பே வாழ்ந்தவர் எவருமில்லை.

முத்துப்பார்: நீர்ப்பரப்பின் கணக்கு

தூத்துக்குடிக் கடல் ஒருபோதும் வெற்று நீர்க்கட்டமாக இருந்ததில்லை. கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. செங்கடல் செலவு என்னும் கிரேக்கப் பயண நூல், கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்றோர் ஈடுபடுத்தப்பட்டதைக் குறிப்பிடுகிறது. மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் முத்துச்சிப்பிகள் செறிந்து வாழும் பாறைத்திட்டுகளைப் பார் என்று வழங்குவர். தோலாயிரம் பார் போல ஒவ்வொன்றும் பெயர் பெற்றது. நிலத்தில் வயலுக்குப் பெயரிருப்பது போன்றே கடலடியிலும் பெயர் இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு அரசின் தனியுரிமையாக நடைபெற்றது. பார்கள் முதலில் ஆய்வுக்குட்படுத்தப்பட்டன. எடுத்த மாதிரிச் சிப்பிகளிலிருந்து கிடைத்த முத்துகள் மதிப்பிடப்பட்டன. சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்பட்டது. முதிராவிடில் பார் விடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் 1926 முதல் 1928 வரை குளிப்பு நடந்தது. அதன்பின் 1955 வரை இடைவெளி. 1961ஆம் ஆண்டுடன் அது நின்றது. பின்னர் 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்குவதில் வெற்றி பெற்றது.

இம்முறையை இயற்கையோடு இயைந்த பொற்காலமாகக் காட்டுவது பொருந்தாது. அதன் நோக்கம் வருவாய். குளிப்போரின் உழைப்பு கடுமையும் ஆபத்தும் நிறைந்தது. ஆயினும் அமைப்பு என்ற அளவில் ஒரு வேறுபாடு தெளிவு: ‘இவ்வாண்டு எடுக்க வேண்டா’ என்பது அங்கு விதிக்கு உட்பட்ட முடிவு. நகராக்க விளையாட்டில் நிறுத்தம் என்பது தோல்வியின் அறிகுறி. முத்துப்பாரின் கணக்கிலோ நிறுத்தம் மேலாண்மையின் ஒரு கூறு.

கரையில் அடுக்கப்பட்ட தொழில்கள்

விடுதலைக்குப் பிந்தைய தூத்துக்குடி, விளையாட்டின் ஒரு காட்சியைப் போன்றே விரைந்து வளர்ந்தது. 1974 ஜூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஸ்பிக் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1979 முதல் அனல்மின் நிலையம் ஒவ்வோர் அலகாக இயங்கத் தொடங்கி, 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகளுடன் 1,050 மெகாவாட்டை எட்டியது. 2015இல் 1,000 மெகாவாட் திறனுடைய மற்றோர் அனல்மின் நிலையமும் சேர்ந்தது. நிலக்கரி கப்பலில் வரும். குளிர்விக்கக் கடல்நீர் கிடைக்கும். எனவே கரையைத் தேர்ந்தது பொருளியல் நோக்கில் இயல்பானதே.

இதே காலத்தில், அதே கரைக்கு மற்றொரு வரையறையும் வந்தது. 1986இல், தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளை உள்ளடக்கி மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தூத்துக்குடியை அடுத்த விலாங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது தீவுகளின் அரணைக் குலைத்தது. வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகள் கடலடியில் வைக்கப்பட்டன. ஆக, வளர்ச்சிக்கான திட்டப்படத்தில் விளிம்பாக உள்ள இடமே காப்புக்கான திட்டப்படத்தில் மையமாக உள்ளது. விளையாட்டில் இவ்வாறு ஒரே நிலத்திற்கு இரண்டு படங்கள் இருப்பதில்லை.

நூறு கோடி: பணமாக மாறும் மாசு

இம்முரண் தாமிர உருக்காலை வழக்கில் முழுமையாக வெளிப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் சிப்காட் வளாகத்தில் நிறுவப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2010 செப்டம்பரில் ஆணையிட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட தொலைவு அவ்வழக்கில் முதன்மையான வினாக்களுள் ஒன்று. மேல்முறையீட்டில் 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. எனினும் நீண்டகாலம் சுற்றுச்சூழலை மாசுபடுத்தியமைக்கும், உரிய இசைவின்றி இயங்கியமைக்கும் 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. நிறுவனத்தின் செலுத்தும் திறன் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. வட்டி, தேய்மானம், வரி ஆகியவற்றுக்கு முந்தைய இலாபத்தில் பத்து விழுக்காட்டுக்குக் குறைந்தால் அச்சுறுத்தும் விளைவு இராது என்று நீதிமன்றம் கருதியது. ஆலை தரும் வேலைவாய்ப்பும் வருவாயும் தாமிரத்தின் பயனும் அத்தீர்ப்பில் எடைபோடப்பட்டன.

சமநிலை என்ற கருத்து விளையாட்டோடு மிகவும் நெருங்கும் இடம் இது. ஒரு தட்டில் இலாபம், மறுதட்டில் மாசு, நடுவே ஒரு தொகை. ஆனால் விளையாட்டில் மாசின் அளவு ஐயத்திற்கு இடமற்றது; பொத்தானை அழுத்தினால் மாசுப் படம் நிறங்களாகத் திரையில் விரியும். தூத்துக்குடியில் யார் அளப்பது, எங்கு அளப்பது, எந்த ஆய்வறிக்கையை ஏற்பது என்பனவே பல்லாண்டுக் கால வழக்கின் உள்ளடக்கம். விளையாட்டு அனைத்தையும் அறிந்த ஒரு தலைவரைக் கற்பனை செய்கிறது. குடிமக்களுக்கு அத்தகைய படம் கையில் இல்லை.

வெளியேறலும் குரலும்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், சீர்கேட்டை எதிர்கொள்வோருக்கு வெளியேறல், குரல் எழுப்பல் என்னும் இரு வழிகளை வகுத்துக் காட்டினார். நகராக்க விளையாட்டின் குடிமகன் முதன்மையாக வெளியேறுபவன். கருத்துக் கணிப்பில் ‘மாசு’ என்று குறை சொல்வான். கேட்கப்படாவிடில் வீட்டைக் காலி செய்வான். அவன் வெளியேறுவது எளிது, ஏனெனில் அவனுக்கு அந்த இடத்தோடு பிணைந்த தொழிலோ உறவோ இல்லை.

மீனவருக்கும் உப்பளத் தொழிலாளருக்கும் அவ்வழி இல்லை. கடல் பற்றிய அறிவு அக்கடலுக்கே உரியது. பாரின் இருப்பிடம் அறிந்தவர் அதனை வேறு கரைக்கு எடுத்துச்செல்ல இயலாது. எனவே குரலே எஞ்சுகிறது. 2018இல் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் நூறாம் நாளான மே 22 அன்றும் மறுநாளும் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று தமிழ்நாடு அரசு ஆலையை மூட ஆணையிட்டது. 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூடலை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

மூடலுக்கும் விலை உண்டு. ஆண்டுக்கு நான்கு இலட்சம் டன் திறனுடைய ஆலை நின்றபின், தாமிர ஏற்றுமதியில் முன்னின்ற இந்தியா நிகர இறக்குமதியாளர் ஆனது. ஆலையையும் அதனைச் சார்ந்த போக்குவரத்தையும் நம்பியிருந்தோர் வேலை இழந்தனர். அவர்களும் இக்கரையின் மக்களே. இவ்விழப்பை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. எனினும் இவ்விழப்பையும் 13 உயிர்களையும் ஒரே அலகால் அளந்து சமன்செய்யும் சூத்திரம் எந்த விளையாட்டிலும் இல்லை, இருக்கவும் இயலாது.

வகுப்பறைப் பயன்பாடு

அதற்காக இவ்விளையாட்டுகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மாசு இடஞ்சார்ந்தது, பரவக்கூடியது, காலந்தாழ்ந்து வருவாயையே அரிப்பது என்பதை அவை தெளிவாகக் கற்பிக்கின்றன. சூழலியல், பொருளியல், திணைக் கோட்பாடு ஆகியவற்றைக் கற்பிப்போர் மூன்று வினாக்களுடன் இவற்றைப் பயன்படுத்தலாம்: வரைபடத்தின் விளிம்பு எங்கு வரையப்பட்டது, யாரால்? நீர்க்கட்டத்துக்கு விளைச்சலும் உரிமையாளரும் உண்டா? வெளியேற முடியாதவரின் குரல் எந்த விதியில் பதிவாகிறது? நிலத்தையும் தொழிலையும் வாழ்வோரையும் சேர்த்தே ஒரு திணையாகக் கண்ட மரபு இவ்வினாக்களுக்கு ஆயத்தமான கருவியைத் தருகிறது. நெய்தலில் கடல் பின்னணி மட்டுமன்று. முதற்பொருளும் கருப்பொருளும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

முடிவுரை

நகராக்க விளையாட்டுகள் வளர்ச்சிக்கும் மாசுக்கும் இடையே சமநிலை காண்பதை ஒற்றைத் தலைவரின் கணக்காகச் சுருக்குகின்றன. அக்கணக்கு சரியாக வருவதற்கு விளிம்புக்கு அப்பால் எவரும் இல்லை என்ற எடுகோள் தேவைப்படுகிறது. தூத்துக்குடியில் அந்த அப்பாலில் பார்களும் தீவுகளும் வலைகளும் உள்ளன. 2017இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட இந்நகரில், 2024இல் வெளித்துறைமுகத் திட்டத்துக்கும் மின்வாகன ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. புதிய கட்டங்கள் நிரப்பப்படும் இவ்வேளையில், எவ்வளவு மாசு ஏற்கத்தக்கது என்று வினவுமுன் வரைபடம் எங்கு முடிகிறது என்று வினவ வேண்டும். இவ்வினாவை முதலில் எழுப்பும் தகுதி, கரையில் வாழ்வோருக்கே உண்டு என்பதே இவ்வாய்வின் முடிபு.